மடைக்கடி வயல் இனி நம்முடையது இல்லை

கதிர்,

நீ அனுப்பிய வரைபடத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்மாய்க் கரையை ஒட்டி ஓலை வேய்ந்த குடில்கள், நடுவில் விருந்தாளிகள் உட்கார்ந்து சாப்பிட ஒரு கொட்டகை, மடையைப் பார்த்த மாதிரி முதல் குடில். அந்தக் குடிலின் மேல் ‘சோலைமலை இல்லம்’ என்று எழுதியிருந்தாய். தை மாதம் கல்யாணம் முடிந்த கையோடு வேலையைத் தொடங்க வேண்டும், பெண் வீட்டாரும் பங்கு சேர்கிறார்கள், அம்மா ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றும் கேட்டிருந்தாய். என்னால் போட முடியாது. நீ குடில் கட்ட நினைக்கிற மடைக்கடி வயல் இப்போது என் பெயரில் இல்லை. போன மாதம் அதை உன் பஞ்சவர்ணம் அத்தைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இதை உனக்கு மட்டும் எழுதி உறைக்குள் போட்டு ஒட்டியிருக்கலாம். அப்படித்தான் முதலில் நினைத்தேன். ஆனால் அவள் வீட்டுக்காரர் சோலைமலை அண்ணன் செத்த கதையை நீ ஊர் உலகத்துக்கெல்லாம் சொன்னாய். உன் நிறுவனத்தின் பக்கத்தில் படத்தோடு போட்டு வைத்திருக்கிறாய். அதைப் படித்தவர்களும் கேட்டு அழுதவர்களும் எங்கெங்கோ இருக்கிறார்கள். பொய்யை அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டு, நடந்ததை மட்டும் வீட்டுக்குள் குசுகுசுவென்று பேசிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் எல்லாரும் படிக்கிற மாதிரியே பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். குடும்ப மானம் போய்விடும் என்பாய். போகட்டும். அந்த மானத்தை இத்தனை வருசம் சுமந்தவள் பஞ்சவர்ணம்தான், நாம் இல்லை.

நீ ஆரம்பத்தில் இப்படி இருந்தவன் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மதுரையில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு தெப்பத் திருவிழாவுக்கு என்னையும் அப்பாவையும் வண்டியூருக்குக் கூட்டிப் போனாய். தெப்பம் சுற்றி முடிந்து கூட்டம் கலைந்தது. நாங்கள் ஊருக்கு பஸ் ஏறிவிட்டோம். நீ மறுநாள் காலையில் தனியாகத் திரும்பிப் போய், குளத்தைச் சுற்றிக் கிடந்த பாட்டிலையும் பாலித்தீனையும் பொறுக்கியிருக்கிறாய். அந்த வாரம் ஊருக்கு வந்தபோது உள்ளங்கையில் கட்டுப் போட்டிருந்தாய். கண்ணாடி கிழித்துவிட்டது என்றாய். அப்பா சிரித்தார். “அம்புட்டுக் கூட்டம் போட்ட குப்பைய நீ ஒருத்தன் பொறுக்குனா தீருமாடா?” என்று கேட்டார். “வந்தவங்க ஆளுக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போயிருந்தா தீந்திருக்கும்ப்பா” என்றாய். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு மாதத்துக்கு அதையே டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தாய். வருகிறவர்களுக்கு கார் பிடித்துக் கொடுப்பது, வழி சொல்வது. கோயில், மகால், சேலைக்கடை, அப்புறம் ரயில். ஒரே மாதிரி வந்து ஒரே மாதிரி போகிறார்கள் என்று சலித்துக்கொள்வாய். அப்பா காலமான பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு வந்து என் முன்னால் உட்கார்ந்து சொன்னாய்: “சுற்றுலா வாரவங்க ஒரு இடத்தத் தின்னுட்டுத்தாம்மா போறாங்க. நான் கூட்டிட்டு வாரவங்க வந்த இடத்தக் கொஞ்சமாச்சும் நல்லாக்கிட்டுப் போவாங்க. நம்ம கண்மாயில இருந்தே ஆரம்பிக்கப் போறேன்.” கொட்டாம்பட்டியிலிருந்து உள்ளே தள்ளிக் கிடக்கிற நம் ஊருக்கு எவன் காசு கொடுத்து வரப்போகிறான் என்று நான் நினைத்தேன். வந்தார்கள்.

வந்தவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இன்றைக்கும் சொல்வேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேனில் வந்து இறங்குவார்கள். சனிக்கிழமை விடிந்ததும் கண்மாய்க்குப் போய், உள்ளே புதராக அடைத்திருந்த சீமைக்கருவேலத்தை வெட்டுவார்கள், மண் சுமப்பார்கள், கரையில் பனங்கொட்டை ஊன்றுவார்கள். முழங்கால் வலியோடு ஒரு வெளிநாட்டுப் பாட்டி மண் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பெங்களூரிலிருந்து வந்த ஒரு பையன் முள் குத்திக் கை வீங்கியும் கத்தியைக் கீழே வைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து எத்தனையோ பிள்ளைகளுக்குப் பொங்கிப் போட்டவள் நான். இவர்களுக்கும் சந்தோசமாகத்தான் பொங்கினேன். சாப்பிட்ட தட்டை அவர்களே கழுவி வைப்பார்கள். ஒரு மழைக்காலம் தாண்டியதும் கண்மாய்க்குள் வெளிச்சம் தெரிந்தது. பறவைகள் வந்து இறங்கின. ஊரே உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டது. நானும் மனதுக்குள் கும்பிட்டேன்.

அடுத்து மடையைப் புதிதாகக் கட்ட வேண்டும் என்றாய். அதற்குப் பெரிய தொகை வேண்டும். வருகிறவர்கள் வெறும் கையால் செய்கிற வேலையில் அது முடியாது, அவர்கள் மனதார அள்ளிக் கொடுத்தால்தான் முடியும் என்றாய். அதற்கு ஒரு கதை வேண்டும் என்று யாரோ உனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்த மடையில்தான் சோலைமலை மாமா செத்தார் என்பது உனக்கு ஞாபகம் வந்தது. பஞ்சவர்ணத்தைத் தேடிப் போனாய்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பஞ்சவர்ணம் என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகள், எனக்கு நாத்தனார் முறை. இரண்டு வீட்டுக்கும் ஒரே பாட்டன் சொத்துதான். கல்யாணத்தின்போது நகை போட்டாயிற்று என்று சொல்லி அவளுக்கு நிலத்தில் ஒரு சென்ட் கூடக் கொடுக்கவில்லை. கட்டிக்கொண்ட சோலைமலைக்கும் நிலம் கிடையாது. கூலி வேலை செய்வார், கண்மாயில் மீன் பிடிப்பார். தண்ணீருக்குள் முங்கினால் அவரைப் போல் மூச்சடக்க ஊரில் ஆள் இல்லை. அவருக்கு என் வீட்டுக்காரர் மச்சான் முறை, என் வீட்டுக்காரர் அவரை மாப்ள என்பார். பார்க்கிற இடத்திலெல்லாம் கேலி பேசிக்கொள்வார்கள்.

கதிர், நீ ஹாஸ்டலில் இருந்த அந்த ஐப்பசி மழையில் நடந்தது இதுதான். கண்மாய் தளும்ப நிறைந்துவிட்டது. உபரித் தண்ணீர் வெளியே போகிற கலுங்கு கருவேலம் அடைத்துக் கிடந்தது. கரை ஒரு இடத்தில் கசிய ஆரம்பித்தது. மடையைத் திறந்து தண்ணீரைக் குறைக்காவிட்டால் கரை உடைந்து கீழே உள்ள நெல் எல்லாம் போய்விடும். மடை வாயை அடைத்திருந்த மரக்கட்டை உப்பிப்போய் மேலே இருந்து இழுத்தால் அசையவில்லை. உள்ளே முங்கிப் போய்க் கடப்பாரையால் நெம்ப வேண்டும். ஆண்கள் எல்லாரும் கரையில் நின்றார்கள். நான் டீத் தூக்கைக் கொண்டு போயிருந்தேன். பஞ்சவர்ணமும் என் பக்கத்தில் நின்றாள். சோலைமலை அண்ணன் தண்ணீரைப் பார்த்தார். “இழுப்பு ரொம்ப இருக்கு மச்சான். மழை கொஞ்சம் வெறிக்கட்டும், எறங்குறேன்” என்றார்.

உன் அப்பா, “என்ன மாப்ள, பொண்டாட்டி பக்கத்துல நிக்கிறாண்டு பயமா இருக்கா?” என்று கேட்டார்.

நின்றவர்கள் சிரித்தார்கள். அவ்வளவுதான். யாரும் அவரைப் பிடித்துத் தள்ளவில்லை. அவர் சட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். கட்டை பெயர்ந்தது. தண்ணீர் பீறிட்டுக்கொண்டு போனது. கரை நின்றது, நெல் தப்பியது, அவர் மேலே வரவில்லை. தண்ணீர் வடிந்த பிறகுதான் மடைக் குழாய்க்குள்ளிருந்து எடுத்தார்கள். அதற்கப்புறம் உன் அப்பா சாகிற வரை அந்த மடைப் பக்கம் காலெடுத்து வைக்கவில்லை. அறுப்பு முடிந்ததும் அவள் வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்புவார். அவள் வாங்கிக்கொள்வாள். அண்ணனும் தங்கச்சியும் அந்த ஒரு வார்த்தையைப் பற்றிக் கடைசி வரை பேசவில்லை.

நீ கேட்டபோது அவள் இதை அப்படியே உன்னிடம் சொன்னாள். முகம் செத்துப்போய் வீட்டுக்கு வந்தாய். “அப்பா அப்படிக் கேட்டாராம்மா?” என்றாய். “கேட்டாரு” என்றேன். அன்று முழுக்க நீ வாயைத் திறக்கவில்லை. நான் அதைப் பார்த்துக் கொஞ்சம் நிம்மதிப்பட்டேன், உண்மை உள்ளே இறங்கியிருக்கிறது என்று. மறுநாள் பஞ்சவர்ணத்தை நம் வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினாய். அடுப்படி வாசலில் உட்கார்ந்து அவளிடம் பேசினாய். “அத்தை, நடந்தது நடந்துபோச்சு. வாரவங்க நல்லது செய்யணும்ண்டு வாராங்க. அவங்ககிட்ட நம்ம வீட்டுச் சங்கடத்தச் சொல்லி என்ன ஆகப்போகுது? மாமா ஊருக்காகத் தானா எறங்குனாருண்டு மட்டும் சொல்லுங்க. அது பொய்யில்லையே. அவரு தானாத்தான எறங்குனாரு?”

அவள் உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். அவள் மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்த, காசு தேவைப்பட்ட சமயம் அது. “சரி கதிரு. நீ சொன்னாச் சரிதேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

சனிக்கிழமை சாயங்காலம்தோறும் கரையில் பாய் விரித்து விருந்தாளிகளை உட்கார வைப்பாய். அவள் நடுவில் உட்கார்ந்து சொல்வாள், நீ பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொல்வாய். முதல் சில தடவை அவள் பாதியில் அழுதுவிடுவாள். கேட்பவர்களும் அழுவார்கள். பிறகு பழகிவிட்டது. நீ மொழிபெயர்க்க எங்கே இடம் விட வேண்டும், எந்த இடத்தில் மடையைக் கை காட்ட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குப் பாடமாகிவிட்டது. முடிந்ததும் அவளைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். நீ அவள் கையில் ஒரு கவரைக் கொடுப்பாய். ஒரு நாள் எனக்கு வெங்காயம் நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவள் கத்தியை நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டாள். “மதினி, அன்னைக்கு அவரு கழட்டிக் குடுத்த சட்டை நீலமா, பச்சையா? கதிரு நீலம்ண்டு சொல்லச் சொன்னான், கேக்க நல்லாருக்குமாம். இப்ப கண்ண மூடுனா எனக்கு நீலமாத்தேன் தெரியுது.”

பச்சை என்றேன். வெளிர் பச்சை. அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடி நறுக்கினாள். அதை அன்றைக்கே உன்னிடம் சொன்னேன், உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ. “கலர்ல என்னம்மா இருக்கு” என்றாய்.

மடை எழும்பியது. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் கொடுத்த பணத்தில், இரும்புக் கதவும் திருகும் வைத்து, யாரும் இனி முங்க வேண்டாத மடை. நல்ல வேலை, அதில் சந்தேகமே இல்லை. திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டாய். சோலைமலை பெயரில் கல் வைத்தாய். படம் பிடிக்க ஆள் வந்திருந்தார்கள். விருந்தாளிகள் ஒரு பக்கம் நாற்காலியில், கண்மாய்த் தண்ணீர் பாய்கிற ஆயக்கட்டில் நிலம் வைத்திருக்கிற நம் ஊர் ஆட்கள் மறுபக்கம். அந்தத் தடவை வந்த விருந்தாளிகளில் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. நீ மைக்கில் பேசிவிட்டு அவளைக் கூப்பிட்டாய். அவள் கல்லையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் மைக்கை வாங்கினாள்.

“இம்புட்டு நாளும் கதிரு சொல்லச் சொன்னதச் சொன்னேன். இன்னைக்கு அவரு பேர்ல கல்லு வச்சிருக்கீக. அதனால நடந்ததச் சொல்லிர்றேன். அவரு எறங்க மாட்டேண்டாரு. மழை விடட்டும்ண்டு சொன்னாரு. எங்க அண்ணன்தேன், கதிரு அப்பாதேன், பயமா இருக்காண்டு கேட்டாரு. இங்க உக்காந்திருக்கிற ஆளுக அம்புட்டுப் பேரும் சிரிச்சாக. அந்தச் சிரிப்புக்குத்தேன் எறங்குனாரு. நான் கைய நீட்டிப் பிடிக்கிறதுக்குள்ள எறங்கிட்டாரு.”

சத்தம் போடாமல், தண்ணீர் எடுத்து வந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள். நம் ஊர் ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். விருந்தாளிகள் உன் வாயைப் பார்த்தார்கள். நீ என்ன செய்யப் போகிறாய் என்று நானும் பார்த்தேன். பெற்றவள் என்பதால் இன்னும் கொஞ்சம் நம்பிக்கையோடு பார்த்தேன். நீ மைக்கைக் கையில் வாங்கி இரண்டு வாக்கியம் சொன்னாய். எனக்கு ஆங்கிலம் அவ்வளவாகப் புரியாது. ஆனால் நீ சொல்லி முடித்ததும் அவர்கள் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதிலேயே தெரிந்துகொண்டேன். அவள் சொன்னதை நீ அப்படியே சொல்லியிருந்தால் யாரும் கைதட்டியிருக்க மாட்டார்கள். ஒரு பெண் ஓடி வந்து பஞ்சவர்ணத்தைக் கட்டிப்பிடித்து அழுதாள். பஞ்சவர்ணம் கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவள் கரைக்கு வரவில்லை. “அத்தைக்கு என்னம்மா குறை வச்சோம், நீயாவது கேளேன்” என்று என்னை அனுப்பப் பார்த்தாய். நான் போகவில்லை. நீ அதற்கும் வழி கண்டுபிடித்தாய். முன்னால் எப்போதோ எடுத்து வைத்திருந்த வீடியோவைக் கரையில் திரை கட்டிப் போட்டாய். ஒரு சாயங்காலம் அவள் தலையில் புல்லுக்கட்டோடு அந்த வழியாக வந்தாள். திரையில் அவள் முகம் பெரிதாகத் தெரிந்தது. நீலச் சட்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. கட்டை இறக்காமல் நின்று, அது முடிகிற வரை கேட்டாள். பிறகு போய்விட்டாள். உட்கார்ந்திருந்த விருந்தாளிகள் யாருக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை.

மடை வந்த பிறகு இரண்டு போகம் விளைகிறது. யாருக்கு விளைகிறது என்று நீ ஒரு தடவையாவது யோசித்தாயா? ஆயக்கட்டில் நிலம் இருக்கிறவனுக்கு. அன்றைக்குக் கரையில் நின்று சிரித்தவர்களுக்கு. எல்லாரையும்விட முதலில் நமக்கு, ஏனென்றால் மடையிலிருந்து வருகிற தண்ணீர் முதலில் பாய்வது மடைக்கடி வயலில்தான். அவள் கதை சொல்லிச் சேர்த்த தண்ணீரில் விளைந்த பயிருக்கு அவளே கூலிக்குக் களை எடுத்தாள். சனி ஞாயிறு அந்தக் கூலியும் கிடையாது, விருந்தாளிகள் நட்டுப் பார்க்க ஆசைப்படுவார்கள், கூலிப் பெண்களை வர வேண்டாம் என்று சொல்லிவிடுவாய். உன் வேன்களில் எல்லாம் எழுதியிருக்கிறாயே, ‘இடத்துக்குத் திருப்பிக் கொடுப்போம்’ என்று. முள் குத்தின அந்தப் பெங்களூர்ப் பையன் பஞ்சவர்ணத்திடமிருந்து எதை எடுத்தான், திருப்பிக் கொடுப்பதற்கு? எடுத்தது நாம். கொடுக்க வேண்டியவர்கள் சோறு பொங்கிப் போட்டுக்கொண்டும் மைக் பிடித்துக்கொண்டும் இருந்தோம். எதையும் எடுக்காதவர்கள் வந்து மண் சுமந்தார்கள்.

இதையெல்லாம் உன்னிடம் நேரில் சொல்லிப் பார்க்காமல் இல்லை. நீ மதுரையில் ஆபீஸ் பிடித்துப் போன பிறகு வருவது குறைந்துவிட்டது. வந்தாலும் போனிலேயே இருப்பாய். “இதனால ஊருக்கு நல்லது நடந்திருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லும்மா” என்று ஒரே கேள்வியில் என் வாயை அடைத்துவிடுவாய். நல்லது நடந்திருக்கிறது. அதைச் சொல்லித்தானே என்னாலும் இத்தனை நாள் சும்மா இருக்க முடிந்தது. ஆனால் சோலைமலை இல்லம் என்று ஒரு குடிலுக்குப் பெயர் வைக்கப்போவதாகப் போன ஆவணியில் நீ முதல் தடவை சொன்னபோது, எனக்குள் ஏதோ ஒன்று அறுந்துவிட்டது. அவர் உள்ளே சிக்கிச் செத்த இடத்தைப் பார்த்துக்கொண்டு யாரோ காலையில் காப்பி குடிப்பார்கள். மடைக்கடி வயல் உன் அப்பா இருக்கும்போதே என் பெயருக்கு எழுதி வைத்த வயல். யாரையும் கேட்க வேண்டியதில்லை. பஞ்சவர்ணம் வீட்டுக்கு நடந்து போனேன்.

அவள் வாசலில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். “என்ன மதினி, இந்த வெயில்ல வந்திருக்கீக” என்று கேட்டாள். உட்காரச் சொல்லவில்லை.

“மடைக்கடி வயல உன் பேருக்கு எழுதலாம்ண்டு இருக்கேன்.”

“எதுக்கு?”

“எதுக்குண்டு உனக்கே தெரியும்.”

“எனக்குத் தெரியும். நீங்க சொல்லுங்க” என்றாள். “இத்தன வருசமா நாந்தான சொல்லிக்கிட்டு இருக்கேன். இன்னைக்கு நீங்க சொல்லுங்க, நான் கேக்குறேன்.”

கதிர், அந்தச் சில வார்த்தைகளைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது தெரியுமா? நின்றுகொண்டே சொன்னேன். மழை பெய்தது, சோலைமலை அண்ணன் வேண்டாம் என்றார், என் வீட்டுக்காரர் இப்படிக் கேட்டார், நானும் அங்கே நின்றேன் என்று. அவள் ஒரு இடத்திலும் எனக்கு உதவவில்லை. கண்ணீர் வந்தபோது பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும், “சட்டை?” என்றாள்.

“பச்சை. வெளிர் பச்சை.”

“ம்” என்று சொல்லிவிட்டுப் புளியை எடுத்து முறத்தில் போட்டாள். “என்னைக்குப் போகணும் ஆபீசுக்கு?”

பத்திர ஆபீசில் நடந்ததையும் கேட்டுக்கொள். எழுதுகிறவர், தானமாகக் கொடுப்பதால் ‘நாத்தனார் மீதுள்ள அன்பினாலும் பாசத்தினாலும்’ என்று வரும், அதுதான் வழக்கம் என்று படித்துக் காட்டினார். பஞ்சவர்ணம் குறுக்கே புகுந்து, “அதப் போடாதீகய்யா. அப்படி ஒண்ணும் இல்ல” என்றாள். அவர் என்னைப் பார்த்தார். “இதுக்கு இப்படித்தாம்மா எழுதணும், இல்லாட்டி செல்லாது” என்று அவர் பொறுமையாக விளக்கினார். “அப்ப எழுதிக்கோங்க” என்றாள். அன்பினால் என்றே எழுதினார்கள். கீழே நான் கையெழுத்துப் போட்டேன், அவள் கைநாட்டு வைத்தாள். திரும்பி வரும்போது ஒரே பஸ்ஸில் வந்தோம். அவள் முன் சீட்டில் உட்கார்ந்தாள், என் பக்கத்தில் இடம் இருந்தும்.

உனக்குக் கல்யாணம் நடக்கப் போகிறது. அந்தப் பெண்ணைப் பற்றி நல்ல விதமாகத்தான் கேள்விப்படுகிறேன். உன் நிறுவனத்தின் கதையைக் கேட்டுத்தான் உன்னைப் பிடித்தது என்று அவள் அம்மா என்னிடம் பூரிப்போடு சொன்னார்கள். தாலி கட்டுவதற்கு முன் அவளிடம் நடந்ததைச் சொல்லிவிடு. அவளோடு வாழப்போகிறவன் நீ, அவள் யாரோ சொல்லிக் கேட்கும்படி வைக்காதே. சொன்ன பிறகும் அவள் உன்னோடு வருவாள் என்றால் நீ கொடுத்துவைத்தவன். வரமாட்டேன் என்றால் அதையும் தாங்கிக்கொள், உன் வயதில் தாங்கலாம். அவளிடமாவது உன் வாயால், உன் மொழியில், ஒரு வார்த்தை மாற்றாமல் சொல். அன்றைக்குப் பந்தலில் செய்யாததை அவள் முன்னால் செய். குடில் கட்ட வேண்டுமென்றால் வேறு இடம் பார்த்துக்கொள். விருந்தாளிகளைக் கூட்டி வருவதை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. கருவேலம் மறுபடி முளைக்கிறது, வெட்ட ஆள் வேண்டும்தான். கூட்டி வருவதற்கு முன்னால் அந்த ஊரில் யார் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள் என்று விசாரி. அதைத் தீர்க்க விருந்தாளியின் பையைப் பார்க்காதே. இதற்கு மேல் உனக்குப் புத்தி சொல்ல எனக்கு மனம் இல்லை.

வயலை எழுதிக் கொடுத்தால் என் மனசு இலேசாகிவிடும் என்று நினைத்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கார்த்திகையில் கண்மாய் நிறைந்து மடையைத் திறந்தார்கள். பஞ்சவர்ணம் தன் வயலில் நடவு நடுகிறாள் என்று கேள்விப்பட்டுக் கரைக்குப் போனேன். நாலைந்து பெண்களோடு அவளும் சேற்றில் குனிந்து நட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் வாய்க்காலில் நல்ல வேகமாக வந்துகொண்டிருந்தது. நான் கரையில் நின்று பார்த்தேன். ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பாள், வாங்க மதினி என்று ஒரு வார்த்தை கேட்பாள் என்று நின்றேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன் விருந்தாளிகளும் இப்படித்தான் நிற்பார்கள். பனங்கொட்டையை ஊன்றிவிட்டு, கையில் மண்ணோடு, ஊர்க்காரர்கள் யாராவது தங்களைப் பார்க்கிறார்களா என்று இப்படித்தான் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். அவர்களைப் பார்த்து எத்தனையோ தடவை நான் அடுப்படியில் சிரித்திருக்கிறேன்.

நட்டுக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டாள். “அக்கா, கரையில யாரோ நிக்கிறாக. உங்க மதினி மாதிரி இருக்கு” என்றாள்.

பஞ்சவர்ணம் நிமிரவில்லை. கையிலிருந்த கட்டிலிருந்து அடுத்த நாற்றைப் பிரித்து ஊன்றினாள்.

“நிக்கட்டும்” என்றாள்.

நின்றேன்.

உன் அம்மா